ஒரு விரல் நுழைய இடமில்லாம போனா

போன வாரம் ஒரு தங்கச்சி எழுதியிருந்தாங்க. அப்பாவுக்கு கணையத்துல கேன்சர், ரிப்போர்ட்ல 'கேராஸ் ஜி12டி'னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன, எனக்கும் வருமா, சொந்தக்காரங்க வேற என்ன பாவம் பண்ணாரோன்னு பேசுறாங்கன்னு.

எனக்கும் வருமாங்கறதுக்கு முதல்ல சொல்லிடறேன். ரிப்போர்ட்ல சொல்றது கேன்சர் செல்லோட டிஎன்ஏல வந்த ஒரு மாற்றத்தை. இந்த மாற்றம் பொதுவா பொறக்கும்போதே வர்றது இல்ல, வாழ்நாள்ல எங்கயோ ஒரு செல்லுல நடக்கறது, அதனால அப்பாகிட்டேர்ந்து இது உங்களுக்கு வராது. குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் இருந்திருந்தா அதை தனியா டாக்டர்கிட்ட கேளுங்க.

இப்ப கேராஸ். இது ராஸ்ங்கற புரோட்டீன் குடும்பத்துல ஒண்ணு, செல்லோட சவ்வுக்கு உள்பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும். வெளியில இருந்து 'வளரு'ன்னு சிக்னல் வந்தா ஜிடிபிங்கற மூலக்கூறை (ஸ்கூல்ல படிச்ச ஏடிபியோட பங்காளிதான், இதுலயும் மூணு பாஸ்பேட்) பிடிச்சுக்கும், உடனே ஆன். ராஃப், மெக், எர்க்னு அடுத்தடுத்த புரோட்டீன்கள்கிட்ட கைமாறி கைமாறி சேதி நியூக்ளியஸுக்குப் போயிடும், செல் பிரிய ஆரம்பிக்கும். மூணுல ஒரு பாஸ்பேட்டை வெட்டிட்டா ஆஃப்.

அந்த வெட்டுற இடம்தான் எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் அலுக்காத இடம். ராஸ் தனியா வெட்டணும்னா ரொம்ப மெதுவா வெட்டும், அதனால இன்னொரு புரோட்டீன் வந்து பக்கத்துல சாஞ்சு, தன்னோட ஒரு அர்ஜினைனை (புரோட்டீன்ங்கற சங்கிலியோட கண்ணிகளான அமினோ அமிலங்கள்ல ஒண்ணு) விரல் மாதிரி நீட்டி, பாஸ்பேட் இருக்கற குழிக்குள்ள விடும், விட்ட உடனே வேகம் லட்சம் மடங்கு மாதிரி ஏறிடும். விஞ்ஞானிகளே இதை அர்ஜினைன் விரல்னுதான் சொல்றாங்க, 1997ல ஜெர்மனியில டார்ட்மண்ட்ல இந்த ரெண்டு புரோட்டீனும் சேர்ந்து இருக்கறதை படிகமாக்கி விரல் உள்ள இருக்கறதை அப்படியே பார்த்தாங்க. அந்தக் குழி வாசல்ல, ராஸ் சங்கிலியில 12வது இடத்துல இருக்கறது கிளைசின். அமினோ அமிலங்கள்லயே சின்னது அதுதான், பக்கவாட்டுல நீட்டிக்கிட்டு இருக்கறது ஒத்த ஹைட்ரஜன் அணு மட்டும், அதனாலதான் விரல் நுழைய இடம் இருக்கு. அங்க அதைவிட கொஞ்சம் பெருசா கிட்டத்தட்ட எது வந்து உக்காந்தாலும் விரல் இடிக்கும், சுவிட்ச் ஆஃப் ஆகாது, யாரும் வளரச் சொல்லாமலே செல் வளர்ந்துக்கிட்டே இருக்கும். ஜி12டின்னா 12வது இடத்துல கிளைசினுக்கு பதிலா அஸ்பார்டிக் அமிலம். டிஎன்ஏல ஜிஜிடி இருக்க வேண்டிய இடத்துல ஜிஏடி, ஒரே ஒரு எழுத்து. உங்க அப்பா செஞ்ச பாவம் இதுல எங்கயும் இல்லம்மா. படுத்திருக்கற மனுஷன் காதுபட அப்படிப் பேசறவங்களை தயவுசெஞ்சு வீட்டுக்குள்ள விடாதீங்க.

கேன்சர் பரவறதுக்கும் இதே சிக்னல் துணை போகுது. பக்கத்து செல்லோட கோத்துக்கிட்டு இருக்க ஈ-கேட்ஹெரின்னு ஒரு பிடி உண்டு, அது குறைஞ்சா செல் கழண்டு நகர ஆரம்பிக்கும், சுத்தி இருக்கற திசுவை அரிக்கற என்சைமையும் சுரந்துக்கிட்டு ரத்தத்துல இறங்கிடும்.

மனுஷக் கேன்சர்ல ராஸ்ல இந்த மாதிரி ஒத்தை எழுத்து மாற்றத்தைக் கண்டுபிடிச்சது 1982. அப்புறம் முப்பது வருஷம் ராஸுக்கு மருந்தே பண்ண முடியாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, மருந்து பிடிச்சுக்க மேல ஒரு நல்ல பள்ளம்கூட தெரியல. 2013ல அமெரிக்க விஞ்ஞானி கெவன் ஷோகட் குழு, 12வது இடத்துல சிஸ்டீன்ங்கற அமினோ அமிலம் வந்த ஜி12சி வகையில, அந்த சிஸ்டீனோட கந்தகத்துல கொக்கி மாட்டற மருந்து மூலக்கூறு போய் உக்கார்ற பள்ளத்தைக் காட்டினாங்க. 2021ல சோடோராசிப்ங்கற அந்த வகை மாத்திரை அமெரிக்காவுல நுரையீரல் கேன்சருக்கு அனுமதி வாங்கிச்சு. இதோட தொடக்கம் 1960கள்ல எலிக்கு கட்டி வரவைக்கற வைரஸை ஆராய்ச்சி பண்ணதுல இருக்கு, ராஸ்ங்கற பேரே அந்த எலிக்கட்டியில இருந்து வந்ததுதான். எலி வைரஸுக்கு எதுக்கு காசுன்னு அன்னிக்கு நிறுத்தியிருந்தா இந்த மாத்திரை இல்ல, நம்ம ஊர்ல அடிப்படை ஆராய்ச்சிக்கு பணம் குறைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியறது இதனாலதான்.

அப்பாவுக்கு இருக்கற ஜி12டியில சிஸ்டீன் இல்ல, அதனால அந்த மாத்திரை அவருக்கு வேலை செய்யாது. ஆனா ஜி12டிக்குன்னே செஞ்ச மருந்துகள் இப்ப நோயாளிகள்கிட்ட சோதனையில இருக்கு. அடுத்த தடவை போகும்போது அந்த ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டு, இதுக்கு டிரையல் எங்கயாவது நடக்குதா, அப்பாவை சேர்த்துக்குவாங்களான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க.