பேட் செக்டார்: ‘மோசமான துறை’ அல்ல, பழுதான தடத்துண்டு

வன்தட்டைச் (ஹார்டு டிஸ்க்) சோதிக்கும் மென்பொருள்களின் தமிழ் முகப்பில் ‘மோசமான துறைகள்’ என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பேட் செக்டார்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ‘உங்கள் வன்தட்டில் 8 மோசமான துறைகள் உள்ளன’ என்று படிப்பவருக்கு என்ன விளங்கும்? தட்டில் எட்டு இடங்களைப் படிக்க முடியவில்லை என்பது மட்டும் விளங்காது.

செக்டார் என்பதன் வேர், வெட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினை. முதலில் வடிவியலில், இரண்டு ஆரங்களுக்கு இடையே வெட்டுண்ட வட்டப் பகுதிக்குப் பெயரானது. பிறகுதான் பொருளாதாரத்துக்குப் போனது. தனியார் துறை, பொதுத்துறை என்பதெல்லாம் அந்தப் பிற்காலப் பொருளுக்கு ஏற்பட்டவை. அங்கே பொருந்திய சொல்லை அப்படியே பெயர்த்து வன்தட்டில் ஒட்டினால் எப்படி? வன்தட்டில் செக்டார் என்பது தரவை எழுதவும் படிக்கவுமான மிகச் சிறிய அலகு. தட்டின் பரப்பில் வட்ட வட்டமாகத் தடங்கள். ஒவ்வொரு தடமும் சிறு சிறு துண்டுகள். நெடுங்காலம் ஒரு துண்டுக்கு 512 பைட். பிறகு வந்த வன்தட்டுகளில் 4096 பைட்.

‘மோசமான’ என்பதும் தவறு. அது தரத்தைச் சொல்லும் சொல். சுமாரானது, மோசமானது, படுமோசமானது என்று படிகள் உண்டு. வன்தட்டு அப்படிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு துண்டிலும் தரவோடு பிழைதிருத்தக் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். படிக்கும்போது சிறு பிழை வந்தால் அதை வைத்துத் திருத்திக்கொள்ளும். பலமுறை முயன்றும் திருத்த முடியாவிட்டால், அந்தத் துண்டைப் படிக்க இயலவில்லை என்று கணினிக்குச் சொல்லிவிடும்.

‘துறை’ என்ற சொல்லைக் கைவிட்டவர்கள் ‘கெட்ட பிரிவு’ என்கிறார்கள். எனக்கு இதன்மேல்தான் கோபம் அதிகம், ஏனென்றால் இது கேட்க நன்றாக இருக்கிறது. ‘கெட்டுப்போன’ என்றால் பழுது. ‘கெட்ட’ என்று மட்டும் சொன்னால் குணம். இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் குழந்தையும் அறியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பிரிவு’ ஆபத்தானது. வன்தட்டை சி, டி என்று பிரிக்கிறோமே, அந்தப் பார்ட்டிஷனுக்கும் பிரிவு என்றுதான் எழுதுகிறார்கள். ஒன்று 512 அல்லது 4096 பைட். மற்றது பல நூறு ஜிபி. ‘கெட்ட பிரிவை நீக்கவும்’ என்ற வரியை நம்பி ஒருவர் டி டிரைவ் முழுவதையும் அழித்தால் குற்றம் அவருடையதா, எழுதியவருடையதா? ‘பகுதி’ என்றாலும் இதே குழப்பம்தான்.

கணிதப் பாடநூலில் இருக்கிறதே என்று சிலர் வட்டக்கோணப்பகுதியைக் கொண்டுவருகிறார்கள். இலங்கைப் பாடநூலில் அதற்கு ஆரைச்சிறை என்ற அழகான பெயர். வடிவியலுக்கு இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் எல்லாத் தடங்களிலும் ஒரே எண்ணிக்கையில் துண்டுகள் இருந்த பழைய வன்தட்டுகளோடு அந்த ஆப்பு வடிவம் போய்விட்டது. இப்போது வெளித்தடத்தில் துண்டுகள் அதிகம், உள்தடத்தில் குறைவு. மையத்திலிருந்து கோடு கிழித்தால் எதுவும் பொருந்தாது.

தடத்துண்டு என்கிறேன் நான். தடத்தைத் துண்டித்தது தடத்துண்டு; வெட்டு என்ற மூலப்பொருளும் தானாக வந்துவிடுகிறது. பேட் செக்டார், பழுதான தடத்துண்டு. சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தரவை வைக்கும், தடமே இல்லாத எஸ்எஸ்டிக்கு இது ஆகாது. அங்கே கெடுவது பிளாக், அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

பழுது என்றால் பழுதுபார்க்கலாம் என்று ஆகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், ஆனால் சிக்கல் பெயரில் இல்லை, வினையில் இருக்கிறது. ‘மோசமான துறைகளைச் சரிசெய்க’ என்று பொத்தானில் எழுதிவைத்திருக்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. படிக்க முடியாத துண்டை வன்தட்டு முதலில் நிலுவையில் வைக்கும். வன்தட்டு தன் நிலையைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 197 என்ற எண்ணுள்ள வரி இதைத்தான் எண்ணுகிறது. அந்தத் துண்டில் மறுபடி எழுதும்போது எழுதியது நிலைத்தால் நிலுவை தீரும். நிலைக்காவிட்டால், வேலையை உபரித் துண்டு ஒன்றுக்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தள்ளிவைக்கும்; அது 5 என்ற எண்ணுள்ள வரியில் ஏறும். தட்டின் பரப்பே சிதைந்திருந்தால் எந்த மென்பொருளும் அதை ஒட்டவைக்காது, போன தரவும் திரும்பாது. சரிசெய்க என்ற சொல்லை நம்பி, தரவை வேறிடத்துக்கு நகலெடுக்காமல், சாகக்கிடக்கும் வன்தட்டை மணிக்கணக்கில் சோதனைக்கு விடுகிறார்கள். அந்த ஓட்டத்திலேயே அது நின்றுபோகலாம்.

மொழிபெயர்ப்பாளர் கையில் படமும் இல்லை, சூழலும் இல்லை, தனித்தனிச் சொற்பட்டியல்தான் வருகிறது என்பது தெரியும். ஒரு வன்தட்டின் உள்ளமைப்பை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எழுத அது தடையில்லை. அதற்கும் நேரமில்லை என்றால் பேட் செக்டார் என்றே தமிழில் எழுதிவிடுங்கள். கடையில் கேட்டாலாவது புரியும். நேரமிருப்பவர்கள் பொத்தானில் இப்படி எழுதலாம்: ‘பழுதான தடத்துண்டுகளைக் கண்டறிந்து ஒதுக்கு’. அதற்கு மேலே ஒரு வரி: ‘முதலில் தரவை நகலெடுக்கவும்’.