குளத்தங்கரை நெல்லை விதைநெல்லோடு கலக்காதீர்கள்

நெல்லைக் கலந்து புது ரகம் உருவாக்கும் எங்களிடம் காட்டு நெல்லோடு வந்த விவசாயிகளில், இந்தப் பருவத்தில் இவர் மூன்றாவது ஆள். மஞ்சள் பையைத் திறந்து, "குளத்தங்கரையில தானா வளர்ந்துச்சு சார், பூச்சியே அண்டல, போன வருஷம் அரை ஏக்கருக்கு விதைநெல்லோட கலந்து விட்டேன்" என்றார். உள்ளே பார்த்தால் வெறும் காம்புகள். நீள மீசை வைத்த கறுத்த நெல்லெல்லாம் பையின் அடியில் உதிர்ந்து கிடந்தது.

அதுதான் பிரச்சினையே. காட்டு நெல் பழுக்கப் பழுக்க உதிரும். அறுக்கப் போகும்போது பாதி மண்ணில் இருக்கும், அதில் ஒரு பங்கு அடுத்த மழைக்கு முளைக்காமல் உறங்கிக்கொண்டே கிடக்கும். நாற்றில் பார்த்தால் அசல் நெல் மாதிரியே இருக்கும், நெல்லுக்கு அடிக்கும் களைக்கொல்லியும் அதைத் தொடாது. ஒரு வருட ஆசைக்குப் பல வருடம் கலவன் (நடுவே கலந்து முளைக்கும் வேற்று நெல்) பிடுங்க வேண்டும்.

"அப்போ நீங்க மட்டும் காட்டு நெல்லக் கலக்குறீங்களே, அது மரபணு மாத்துற வேலைதானே?" என்று அடுத்த கேள்வி. ஐயா, இல்லை! சாயங்காலம் நாட்டு ரகக் கதிரில் ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுத்துவிட்டு உறை மாட்டுகிறோம், மறுநாள் காலை காட்டு நெல் பூக்கும் நேரத்தில் அதன் தூளை உதறுகிறோம். காற்று செய்கிற வேலைதான், முதுகுவலி மட்டும் எங்களுக்கு. பிறக்கும் பிள்ளைச்செடி உதிரும், மீசை வைக்கும், அரிசி சிவக்கும். வேண்டிய ஒரு குணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க, நல்ல ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலக்க வேண்டும். இதற்கே வருடங்கள் போகும். நீங்கள் அரை ஏக்கரில் செய்தது இதில் முதல் நாள் வேலைகூட இல்லை.

காட்டு நெல்லை ஏன் தேடுகிறோம் என்றால், புகையான் பூச்சி பரப்பும், பயிரைக் குட்டையாக்கும் புல்குட்டை நோய்க்கு 1970 வாக்கில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 6,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். தாக்குப்பிடித்தது உத்தரப் பிரதேசத்திலிருந்து போன நிவாரா என்ற வகையில் ஒரே ஒரு காட்டு நெல். அங்கிருந்த நெல் விஞ்ஞானி குர்தேவ் குஷ்ஷின் குழு அதை வைத்துத்தான் ஐ.ஆர்.36 ரகம் வரை கொண்டுவந்தது. ஐதராபாத்தில் உருவாகி 2008-இல் வந்த மேம்படுத்திய சம்பா மசூரியில் இலைக்கருகலைத் தாங்கும் மூன்று மரபணுக்கள் உண்டு, அதில் ஒன்று ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. ஆய்வகத்தில் டி.என்.ஏ. பார்த்தார்களே என்பீர்கள். எந்தச் செடியில் அது இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

சரி, ஏற்கெனவே கலந்துவிட்டவர்களுக்கு. மீசை தெரிந்ததுமே, உதிர்வதற்கு முன்னால், வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோங்கள். அந்த வயல் நெல்லை விதைக்கு எடுக்கவே வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்காதீர்கள். அறுவடை இயந்திரம் உங்கள் வயலை முடித்து அடுத்த வயலுக்குப் போவதற்கு முன் துடைக்கச் சொல்லுங்கள். அடுத்த போகம், உழுது தண்ணீர் விட்டு, முளைத்ததை மறுபடி உழுது கொன்றபின் நடவு செய்யுங்கள். நேரடி விதைப்பு கூடவே கூடாது.

அப்புறம் ஒரு கெஞ்சல். கோபத்தில் குளத்தங்கரைக்கு மருந்தடித்துவிடாதீர்கள். அங்கே நிற்பது அங்கேயே நிற்கட்டும். பைக்கடியில் உதிர்ந்ததைக் கூட்டி உறையில் போட்டு, எந்த ஊர், எந்தக் கரை என்று அவரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் புகையான் கூண்டில் விட்டுப் பார்க்க வேண்டும்.