ஜீரோ சுகர்: சொல் விளக்கம்

பொருள்: சர்க்கரைக்குப் பதில் வேறு இனிப்பூட்டி சேர்த்த பானம். தமிழில் சர்க்கரையற்ற, சர்க்கரையில்லா.

தொடரின் இரண்டு சொற்களுமே நமக்கு அயலல்ல. வெறுமையைக் குறித்த வடமொழிச் 'சூனியம்' என்பதன் பொருளை அரபியர் 'சிஃப்ர்' என்று பெயர்த்தனர். அது லத்தீனில் 'செஃபிரம்' ஆகி, இத்தாலியில் 'ஜீரோ' ஆயிற்று. பருக்கைக் கல்லைக் குறித்த வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியே ஐரோப்பாவுக்குப் போய் 'சுகர்' ஆனது. நம் 'சர்க்கரை'க்கும் அதே வேர்தான்.

பானத்தின் பெயரில் முதலில் இருந்தது 'டயட்'. வாழும் முறை என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அது. நாளடைவில் எடை குறைப்போர் உணவுக்கு உரியதானது. 1964இல் டயட் பெப்சியும் 1982இல் டயட் கோக்கும் அந்தப் பெயரில் வந்தன. உடல் மெலிய விரும்பும் பெண்களுக்கான பானம் என்ற சாயல் ஒட்டிக்கொண்டதால் ஆண்கள் ஒதுங்கினர். அதனால்தான் 2005இல் அமெரிக்காவில் வந்த கோகோ-கோலா ஜீரோவின் பெயரில் 'டயட்' இல்லை.

ஆனால் எது ஜீரோ? பெயர் அதைச் சொல்லவில்லை. அதில் சர்க்கரை இல்லை என்பதே பலருக்குத் தெரியவில்லை. சுவையைச் சற்றே மாற்றி, 'சுகர்' என்பதையும் பெயரில் சேர்த்து, பிரிட்டனில் 2016இலும் அமெரிக்காவில் 2017இலும் மறுபெயரிட்டார்கள். பெப்சியும் அமெரிக்காவில் பெப்சி மேக்ஸை 2016இல் பெப்சி ஜீரோ சுகர் ஆக்கியது.

தமிழாக்கத்தில் பலர் தவறுவது இங்கேதான். 'சுழியச் சர்க்கரை' என்று எழுதினால், வெள்ளைச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை போல அதுவும் ஒருவகைச் சர்க்கரையாகிவிடும். தமிழில் இல்லாத பொருள் முன்னே நிற்கும், இன்மை பின்னே வரும்: சர்க்கரை + அற்ற. எது இல்லை என்ற கேள்விக்கே இடமில்லை. 'இனிப்பற்ற' என்பதும் பிழை. பானம் இனிக்கத்தான் செய்கிறது. 'சர்க்கரை சேர்க்காத' என்பது வேறு பொருள்: பழச்சாற்றில் தனியே எதுவும் சேர்க்காவிட்டாலும் இயல்பான சர்க்கரை இருக்கும். எழுதும்போது 'சர்க்கரையற்ற கோலா' என்பதில் ஒற்று மிகாது. 'சர்க்கரையில்லாக் கோலா' என்பதில் மிகும். வணிகப் பெயரை மட்டும் பெயர்க்காமல் ஒலிபெயர்ப்பாகவே விடுவது நல்லது.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு அளவு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 100 மில்லிலிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பரிமாறலுக்கு 0.5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். வழக்கமான கோலாவில் 330 மில்லிலிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஆக, சட்டப்படி 'அற்ற' என்பது முழுச் சுழியம் அல்ல, மிகச் சிறு அளவு வரை இடம் தரும் சொல்.

அந்த 35 கிராமின் வேலையைப் பெரும்பாலும் அஸ்பார்டேமும் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் சேர்ந்து செய்கின்றன. இரண்டும் சர்க்கரையைவிடச் சுமார் 200 மடங்கு இனிப்பு. அஸ்பார்டேம் வெப்பத்தில் சிதைந்து இனிப்பை இழக்கும். வெயிலில் கிடந்த புட்டி சப்பென்று இருப்பது அதனால்தான். மற்றது நிலைத்து நிற்கும், ஆனால் தனியே சேர்த்தால் பின்சுவை கசக்கும். அஸ்பார்டேமில் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம் இருப்பதால், அதை உடல் சரிவரச் சிதைக்க முடியாத பிறவிக் குறைபாடான ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்கள் 'சர்க்கரையற்ற' என்பதோடு நிறுத்தாமல் சேர்பொருள் பட்டியலையும் படிக்க வேண்டும்.