கேமரன் மலை ஏறிய கால் தோட்டத்து மேட்டில் நின்ற கதை

மலேசியாவில், மலையடிவார ஊரான தாப்பாவிலிருந்து கேமரன் மலைமேல் இருக்கும் தானா ராத்தாவுக்குக் கிட்டத்தட்ட 58 கிலோமீட்டர். அடிவாரத்தில் உயரம் 50 மீட்டர் அளவுதான். மேலே போய்ச் சேரும்போது 1,440 மீட்டர். காலை ஆறரைக்கு ரொட்டி சானாய் பசியாறிவிட்டு, சைக்கிளின் பின்பக்கம் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் ஒருமுறை, ரிங்லெட்டில் ஒருமுறை நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானா ராத்தாவில் இருந்தேன். களைப்புதான், ஆனால் கால் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் ஒரு சுற்று போனேன். மொத்தம் 20 கிலோமீட்டர், பத்து மேடுகள். ஒவ்வொன்றும் 30 மீட்டர் உயரம் இருந்தால் அதிகம். நான்காவது மேட்டின் பாதியில் இறங்கி, ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏண்டா, மலைக்கே போய்ட்டு வந்தவனுக்கு இந்த மேடு ஒரு மேடா?" என்று சித்தப்பா சிரித்தார். அவர் அதே தோட்டத்தில் இருபது வருடம் மரம் வெட்டியவர் (ரப்பர் பால் எடுப்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). அங்கே செம்பனை வருவதற்கு முன், பால் வாளியைக் கேரியரில் கட்டிக்கொண்டு அதே மேடுகளில் ஸ்டோருக்குப் போனவர். கேலி நியாயமானதுதான். பத்து மேட்டையும் கூட்டினாலும் 300 மீட்டர்; மலையில் ஏறியதில் கால்வாசிகூட இல்லை. அப்படியிருக்க கால் ஏன் நின்றது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் 70 கிலோ, சைக்கிள் 15, பைகள் 10. மொத்தம் 95 கிலோ. மலைச் சாலை சராசரியாக 100 மீட்டருக்கு இரண்டரை மீட்டருக்குள்தான் ஏறுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால், புவியீர்ப்பு, டயர் உராய்வு, காற்று மூன்றையும் சமாளிக்கக் கால் தரவேண்டிய ஆற்றல் சுமார் 110 வாட். இரண்டு மேசை மின்விசிறிகளைச் சுழற்றும் அளவு. உடல்நலம் உள்ள யாரும் இதை மணிக்கணக்கில் தரலாம்.

தோட்டத்து மேடு 100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 12 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால் 390 வாட் வேண்டும். மூன்றரை மடங்கு! உயரம் மொத்தத்தில் எவ்வளவு என்பதைவிட, அந்த உயரத்தை எவ்வளவு நேரத்தில் ஏறச் சொல்கிறது என்பதுதான் காலுக்குப் பெரிய விஷயம். மலை ஐந்து மணி நேரம் தவணை கொடுக்கிறது. மேடு ஒன்றேகால் நிமிடத்தில் கட்டச் சொல்கிறது.

தவணை என்று சும்மா சொல்லவில்லை. தசைக்கு இரண்டு வகை வரவு உண்டு. ஒன்று, மூச்சில் வரும் ஆக்சிஜனை வைத்து நிதானமாகச் சம்பாதிப்பது. இதற்கு ஒரு மேல்வரம்பு இருக்கிறது. என்னைப் போன்றவனுக்கு 180 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் தசை கைமாற்று வாங்கும். ஆக்சிஜனுக்குக் காத்திராமல், தன்னிடம் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பை அவசரமாக உடைத்துச் செலவழிக்கும். தோட்டத்துக் கடையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட்டு அரிசி வாங்குவது போல. அந்தக் கடனுக்கும் எல்லை உண்டு. சாதாரண ஆளுக்கு அது ஏறக்குறைய 10 முதல் 20 கிலோஜூல் (ஒரு வாட்டை ஆயிரம் வினாடி தந்தால் ஒரு கிலோஜூல்).

390 வாட்டில் என் சம்பாத்தியமான 180 போக மீதி 210 வாட் கடன். அதை 75 வினாடிக்குப் பெருக்கினால் கிட்டத்தட்ட 16 கிலோஜூல். ஒரே மேட்டில் நோட்டுப் புத்தகம் நிரம்பிவிட்டது. இறக்கத்தில் கொஞ்சம் கடன் அடையும்; ஆனால் இறக்கம் அரை நிமிடத்தில் முடிந்து அடுத்த மேடு வந்துவிடும். நான்காவது மேட்டில் கடைக்காரர் கையை விரித்துவிட்டார், அவ்வளவுதான். மலையில் இந்தக் கடையை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

'அப்படியானால் மேட்டில் மெதுவாக ஏற வேண்டியதுதானே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 110 வாட் மட்டும் தந்து அந்த மேட்டில் போனால் வேகம் மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம். அந்த வேகத்தில் சைக்கிள் நிற்காது. சைக்கிள் ஓட்டும்போது நாம் எந்த நேரமும் ஒரு பக்கம் விழுந்துகொண்டேதான் இருக்கிறோம். விழும் பக்கம் ஹேண்டிலை லேசாகத் திருப்பி, சக்கரத்தை நமக்கு அடியில் கொண்டுவந்து தப்பிக்கிறோம். வேகம் குறையக் குறைய அந்தத் திருப்பல் பெரிதாகிக்கொண்டே போகும். மூன்று கிலோமீட்டரில் முன்சக்கரம் குடித்தவன் நடைபோல இடமும் வலமும் அலையும். (சக்கரம் பம்பரம்போல் சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று பள்ளியில் எனக்குச் சொன்னார்கள். பம்பர விளைவை ரத்து செய்து கட்டிய ஒரு சைக்கிளும் தானாக நிமிர்ந்து ஓடும் என்று 2011இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.)

கியர் உதவாதா? உதவும், ஆனால் வேறு விதத்தில். கியர் ஆற்றலைத் தராது. ஒரு மிதிக்கு எவ்வளவு பாரம் என்பதை மட்டும் மாற்றும். என் சைக்கிளின் ஆகச் சிறிய கியரில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்றுதான். அந்தக் கியரில் மலைச் சாலையில் நிமிடத்துக்கு 95 சுற்று மிதிக்கலாம். ஒவ்வொரு மிதியிலும் பாதத்தில் விழும் பாரம் சராசரியாக ஆறரைக் கிலோ. தோட்டத்து மேட்டில் அதே கியரில் 24 கிலோ.

சித்தப்பாவின் பழைய சைக்கிளில் கியரே கிடையாது. பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. சமதளத்துக்குச் சரி. 100 மீட்டருக்கு 12 மீட்டர் ஏறும் மேட்டில் மிதியின் பாரம் சராசரி 60 கிலோவாகிவிடும், பால் வாளியைக் கணக்கில் சேர்க்காமலே. பெடல் மேலும் கீழும் இருக்கும்போது காலால் அதிகம் தள்ள முடியாது என்பதால், நடுவில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்த வேண்டும். ஆள் முழுதாகப் பெடல்மேல் ஏறி நின்றாலும் அவர் எடை போதாது. தோட்டத்துப் பழைய ஆட்கள் மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்து, வயசாகிவிட்டது என்று நினைத்திருக்கிறேன். கணக்குதான் அவர்களை இறக்கிவிட்டிருக்கிறது.

முந்தைய இறக்கத்தின் வேகத்தை வைத்து அடுத்த மேட்டை அடித்துவிடலாம் என்பது எல்லாருக்கும் வரும் ஆசை. 40 கிலோமீட்டர் வேகம் சுமார் ஆறு மீட்டர் உயரத்துக்குத் தாங்கும். முப்பதில் ஆறு, மோசமில்லை. ஆனால் தோட்டத்தில் இறக்கம் முடியும் இடத்தில்தான் பலகைப் பாலமோ, செம்மண் சேறோ, குலை ஏற்றிக்கொண்டு நிற்கும் டிராக்டரோ இருக்கும். பிரேக் பிடித்து 10 கிலோமீட்டருக்கு வந்தால் கையில் மிஞ்சுவது அரை மீட்டர்கூட இல்லை. மிச்சமெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகப் போயிற்று.

வெயிலும் மேட்டின் கட்சிதான். தின்ற சோற்றில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மற்றது உடம்புச் சூடு. வியர்வை ஆவியானால்தான் சூடு இறங்கும், அதற்குக் காற்று வேண்டும். நம் ஈரக் காற்றில், நடைவேகத்தில், வியர்வை சொட்டுகிறதே தவிர ஆவியாவதில்லை. கேமரன் மலைச் சாலையிலோ நூறு மீட்டர் ஏற ஏற அரை டிகிரிக்கு மேல் குளிர்ந்துகொண்டே வரும். மேலே போகும்போது எட்டு டிகிரி சலுகை.

சரி, இந்த மேடுகள் ஏன் இவ்வளவு செங்குத்து? 1920களின் பிற்பாதியில் கேமரன் மலைக்குச் சாலை வெட்டியவர்கள் பாத்தாங் பாடாங் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு, வளைத்து வளைத்து ஏறினார்கள். தூரத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தார்கள். தோட்டத்துப் பாதைக்கு அந்தக் கவலை இல்லை. லாரியும் டிராக்டரும் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறினால் போதும் என்று நேராக வெட்டியது. மலேசியாவின் லங்காவி சைக்கிள் பந்தயத்தில் வருகிறவர்கள் வழியில் வரும் கெந்திங் மலையைக் கண்டு மிரள்வதும் உயரத்துக்காக மட்டுமல்ல, அங்கே சாலை நெட்டுக்குத்தாக நிற்பதற்காகவும்தான்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விளக்கினேன். பாதியிலேயே கையமர்த்தினார். "நாங்க எங்கடா நேரா ஏறினோம்? பாதைக்குக் குறுக்கே இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாம்பு மாதிரி போவோம்."

அதுவும் அதே கணக்குதான். சரிவில் சாய்வாகப் போய்த் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் சரிவு பாதியாகும், பெடல் பாரம் 60 கிலோவிலிருந்து 30 சொச்சமாக இறங்கும். சாலை போடுகிறவர்கள் மலையில் செய்ததை அவர் நான்கு மீட்டர் அகலப் பாதையில் செய்திருக்கிறார்.

போன வாரம் முயன்றுபார்த்தேன். லாரி வராத காலை நேரம், காய்ந்த மண். ஏழு மேடு தாண்டினேன். எட்டாவதில் முதல்நாள் மழை இன்னும் காயவில்லை. கரையோரம் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கியது. இறங்கித் தள்ளினேன்.