எஃப்எம்ல பாட்டு ஏன் இவ்ளோ க்ளீனா கேக்குது, ஏன் ஊரைத் தாண்டினா காணாம போகுது

1935 நவம்பர் 5, நியூயார்க்ல ரேடியோ இன்ஜினியர்கள் கூடின ஒரு மீட்டிங். எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்னு ஒருத்தர் ஒரு ரிசீவரை வெச்சு டெமோ காட்டுறார், பக்கத்துல யாங்கர்ஸ் ஊர்ல இருக்குற நண்பர் வீட்டு டிரான்ஸ்மிட்டர்ல இருந்து சத்தம் வருது. என்ன சத்தம்னா, கிளாஸ்ல தண்ணி ஊத்துறது, பேப்பரை கசக்குறது. அவ்ளோதான். ஆனா உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் ரேடியோவே வாழ்க்கையா இருந்தவங்க, கரகரப்பு இல்லாத ரேடியோவையே பாத்ததில்ல, அதுல தண்ணி தண்ணி மாதிரியே கேட்டா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் ஏஎம். பேச்சு ஏற இறங்க, ரேடியோ அலையோட உயரமும் ஏறி இறங்கும், ரிசீவர் அந்த உயரத்தை அளந்து சத்தமா மாத்தும். சிம்பிள்தான். சிக்கல் என்னன்னா மின்னல் வெட்டினாலும் அதே உயரம்தான் மாறுது, பக்கத்து ரூம்ல மிக்ஸி ஓடினாலும் அதே உயரம்தான். எது பாட்டு எது மிக்ஸின்னு பாவம் அந்த ரிசீவருக்கு எப்படி தெரியும்?

எஃப்எம்ல அலையோட உயரம் மாறவே மாறாது. மாறுறது அது துடிக்கிற வேகம். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்டேஷன்னா, அதாவது செகண்டுக்கு பத்து கோடி தடவை துடிக்கிறதுன்னா, பாட்டுக்கு ஏத்த மாதிரி அதுக்கு மேலயும் கீழயும் 75 கிலோஹெர்ட்ஸ் (75 ஆயிரம் துடிப்பு) வரைக்கும் ஆடும். டிரம்ஸ் ஓங்கி அடிச்சா ஆட்டம் அகலமா இருக்கும், மெதுவா பாடினா கொஞ்சமா ஆடும், குரல் கீச்சுன்னு இருந்தா ஒரு செகண்டுக்கு நிறைய தடவை ஆடும். ரிசீவருக்குள்ள லிமிட்டர்னு ஒண்ணு இருக்கு, வர்ற அலையோட தலையெல்லாம் ஒரே மட்டத்துக்கு வெட்டி விட்டுடும். மின்னல் ஏத்தி விட்ட உயரமும் அதோட சேர்ந்து போயிடும். பாட்டு உயரத்துல இல்லையே, அதனால பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது.

பொதுவா இதோட விளக்கத்தை முடிச்சுடுவாங்க, ஆனா இது பாதிக்கதைதான். இரைச்சல் உயரத்தை மட்டும் இல்ல, அலையோட துடிப்பையும் லேசா நடுங்க வைக்கும், அதை லிமிட்டரால வெட்ட முடியாது. ஆம்ஸ்ட்ராங்கோட மூளை வேலை செஞ்சது இங்கதான். அந்த காலத்து நம்பிக்கை என்னன்னா ஸ்டேஷன் எடுத்துக்குற அலைவரிசையோட அகலத்தை எவ்ளோ ஒடுக்குறமோ அவ்ளோ இரைச்சல் கம்மி. எஃப்எம் பண்ணி அந்த எடத்தை மிச்சம் பிடிக்க முடியாதுன்னு ஜான் கார்சன்ங்குற இன்ஜினியர் 1922லயே கணக்கு போட்டு காட்டிட்டார், கணக்கு சரிதான், அதனால எல்லாரும் எஃப்எம்மை மூட்டை கட்டி வெச்சுட்டாங்க. இவர் நேர் எதிரா, ஒடுக்க வேணாம், அகலமாக்குவோம்னார். பாட்டு 75 கிலோஹெர்ட்ஸ் ஆடுறப்போ இரைச்சலோட சின்ன நடுக்கம் எங்க தெரியப் போகுது!

ஆனா அகலம் சும்மா வருமா. அமெரிக்கால ஒரு ஏஎம் ஸ்டேஷனுக்கு 10 கிலோஹெர்ட்ஸ் எடம், எஃப்எம்முக்கு 200. ஏஎம் ஓடுற மீடியம் வேவ் முழுசையும் சேத்தாலே 1,200 கிலோஹெர்ட்ஸ் கூட வராது, அதுல எஃப்எம்மை வெச்சா அஞ்சாறு ஸ்டேஷனோட ஹவுஸ்ஃபுல். எடம் வேணும்னா மேல, ரொம்ப உயர்ந்த அலைவரிசைக்குத்தான் போகணும். மேல போனா அலையோட குணமே வேற. ராத்திரில மீடியம் வேவ் வானத்துல ரொம்ப உயரத்துல மின்னூட்டம் ஏறின காத்து அடுக்கான அயனமண்டலத்துல பட்டு திரும்பி நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும், எஃப்எம் பெரும்பாலும் அதை கிழிச்சுக்கிட்டு போயிட்டே இருக்கும், திரும்பி வராது. டவர் கண்ணுக்கு தெரியிற தூரம், அதைவிட கொஞ்சம் கூட, அவ்ளோதான் எல்லை. 100 மீட்டர் டவர்னா அடிவானம் சுமாரா 40 கிலோமீட்டர். எஃப்எம் ஸ்டேஷன் லோக்கலா இருக்குறது யாரோ யோசிச்சு வெச்ச ஐடியா இல்ல, க்ளீன் சத்தத்துக்கு நாம குடுக்குற விலை.

அதனாலதான் ஆம்ஸ்ட்ராங் தன் சொந்த ஸ்டேஷனுக்கு நியூஜெர்சில ஆல்பைன்ங்குற எடத்துல, ஹட்சன் ஆத்துக்கு மேல செங்குத்தா நிக்கிற பாறை மேல 400 அடிக்கு மேல டவர் எழுப்பினார். எல்லாம் கைக்காசு. டபிள்யூ2எக்ஸ்எம்என்னு பேரு, 42.8 மெகாஹெர்ட்ஸ். 1945ல அரசாங்கம் எஃப்எம்மை இப்போ இருக்குற 88 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தூக்கி வெச்சது, வித்திருந்த லட்சக்கணக்கான ரேடியோ பெட்டிங்க வீணா போச்சு. ஆர்சிஏங்குற பெரிய ரேடியோ கம்பெனி கூட வருஷக்கணக்கா பேட்டன்ட் வழக்கு வேற. நொந்துபோய் 1954ல உயிரை மாய்ச்சுக்கிட்டார். மனைவி மரியன் விடல, வழக்குகளை தொடர்ந்து நடத்தி ஜெயிச்சாங்க. அந்த அம்மா ஒரு காலத்துல ஆர்சிஏவோட பெரிய தலை டேவிட் சார்னாஃபுக்கே செக்ரட்டரியா இருந்தவங்க!

கார்ல போறப்போ இதெல்லாம் நேர்லயே பாக்கலாம். ரெண்டு ஊரு ஸ்டேஷன் ஒரே நம்பர்ல இருந்தா, நடுவழில ரெண்டு பாட்டும் கலந்து கேக்காது, எது கொஞ்சம் பலமோ அது இன்னொண்ணை மொத்தமா அமுக்கிடும், ஏஎம்ல ரெண்டும் சேந்து கத்தும். டிராஃபிக் சிக்னல்ல வண்டி நின்னதும் பாட்டு உஸ்ஸுன்னு போயிடும், ரெண்டு அடி நகத்தினா திரும்ப வந்துடும், கவனிச்சிருக்கீங்களா? நேரா வர்ற அலையும் பில்டிங்ல பட்டு வர்ற அலையும் அந்த எடத்துல ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்குது. 100 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு அலையோட நீளம் 3 மீட்டர்தான், அதனால ஒரு காரோட நீளத்துக்குள்ளயே நல்ல எடமும் கெட்ட எடமும் மாறி மாறி வரும்.

சிக்னல் வீக்கா இருக்குறப்போ ஸ்டீரியோவை ஆஃப் பண்ணி மோனோல வெச்சு பாருங்க, பாதி இரைச்சல் அடங்கிடும். ஸ்டீரியோ 1961ல பின்னாடி ஒட்டினது, ரெண்டு ஸ்பீக்கருக்கும் உள்ள வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸ்ல தனியா அனுப்புறாங்க, எஃப்எம்ல ஒரே ஸ்டேஷனோட சத்தத்துக்குள்ளயே கிலோஹெர்ட்ஸ் கூடக் கூட இரைச்சலும் கூடும், அந்த வித்தியாசம் உக்காந்திருக்குறதே அந்த மேல் பக்கம்தான்.