செவ்வந்திக்கு இருட்டு வேண்டும்

பொங்கல் சமயத்தில் நர்சரியில் ஒரு மஞ்சள் செவ்வந்தித் தொட்டி வாங்கினேன். ஒன்றரைச் சாண் உயரம்; இலையே தெரியாத அளவுக்குப் பூ. மூன்று வாரத்தில் வாடியது. காய்ந்ததைக் கத்தரித்து, உரம் வைத்துக் காத்திருந்தேன். செடி இரண்டடிக்கு ஒல்லியாக வளர்ந்து சாய்ந்ததுதான் மிச்சம். அடுத்த பொங்கலும் வந்தது, ஒரு மொட்டு இல்லை.

மண் மாற்றத் தொட்டியைக் கவிழ்த்தபோது முதல் குட்டு உடைந்தது. ஒரு செடி என்று நான் நினைத்தது ஐந்து செடி! வேர்விட்ட ஐந்து தண்டுத் துண்டுகளை நெருக்கி நட்டு, நுனி கிள்ளிக் கிளைக்க விட்டிருக்கிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். தொட்டிச் செவ்வந்தி பெரும்பாலும் இப்படித்தான் தயாராகிறது. குட்டையாக நிற்பதற்கும் வழக்கமாக ஒரு கைவேலை உண்டு. தண்டை நீளவைக்கும் ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோன் உருவாகாமல் டாமினோசைடு, பேக்லோபியூட்ரசால் போன்ற மருந்துகள் தடுக்கும். மருந்தின் வேகம் தணிந்தபின் வரும் கிளை தன் இயல்புக்கு வளரும்.

சரி, பூ ஏன் வரவில்லை? செவ்வந்தி நாள் பார்த்துப் பூக்கும் செடி. இரவு நீளமாக, இடையில் வெளிச்சம் படாமல் இருந்தால்தான் மொட்டு வைக்கும். சென்னையில் ஜூன் மாதத்துப் பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. சும்மா விட்டால் பல ரகங்கள் பொடிச் செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். அதனால் வணிகமாக வளர்ப்பவர்கள் முதல் சில வாரம் நடுராத்திரியில் விளக்கு எரித்துச் செடியை ஏய்க்கிறார்கள். போதுமான அளவு கிளைத்ததும் விளக்கை அணைத்தால், ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரத்தில் பூ.

இருட்டை அளப்பது இலை. 1930களில் ரஷ்யாவில் மிகைல் சைலக்யான் இதே செவ்வந்தியை வைத்துத்தான் அதைக் காட்டினார். இலைகளுக்கு நீண்ட இரவைக் கொடுத்து, இலை நீக்கிய நுனியை நீண்ட பகலில் வைத்தார், பூத்தது. மாற்றி வைத்தார், பூக்கவில்லை. இலையிலிருந்து நுனிக்கு ஏதோ சேதி போகிறது என்று ஊகித்து, அதற்குப் புளோரிஜென் என்று பெயரிட்டார். அது ஒரு புரதம் என்பது உறுதியாக 2007 ஆகிவிட்டது. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் எதிரியையும் செவ்வந்தியிலேயே கண்டுபிடித்தார்கள். இருட்டிச் சில மணி நேரம் கழித்து வெளிச்சம் பட்டால், இலையிலுள்ள பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் நிறமி அதை உணர்கிறது. பூப்பதைத் தடுக்கும் இன்னொரு புரதம் இலையில் உருவாகி நுனிக்குப் போகிறது.

என் பால்கனிக்கு நேர் எதிரே தெருவிளக்கு. விடிய விடிய எரியும் வெள்ளை எல்இடி. நர்சரியில் சில வாரமே செய்யும் வேலையை அது வருஷம் முழுக்க இலவசமாகச் செய்துகொண்டிருந்தது.

அந்த அக்டோபரில் தினமும் மாலை ஆறு மணிக்குத் தொட்டியை ஓர் அட்டைப் பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்குத் திறந்தேன். வெயில் காலத்தில் இதைச் செய்வதில் பயனில்லை. உள்ளே புழுங்கினால் மொட்டு தள்ளிப்போகும். ஐந்தாவது வாரம் நுனியில் மிளகளவு பச்சை மொட்டுகள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.