டெம்ப்ளேட் ஓடிவிட்டதால் கான்ஃபிக் சரியாகிவிடாது

இந்த வாரமும் அதே கதை. பல சர்வர்களுக்கும் கான்ஃபிக் கோப்புகளை எழுதித்தரும் ஆன்சிபிள் ஒரு பிழையும் காட்டாமல் ஓடி முடிந்திருக்கிறது. ஆனால் புரொடக்‌ஷனில் அப்ளிகேஷன் டேட்டாபேஸைத் தேடி 'லோக்கல்ஹோஸ்ட்'டை, அதாவது தான் ஓடும் சர்வரையே, தட்டிக்கொண்டிருக்கிறது. "டெம்ப்ளேட் வைத்துத்தானே செய்தோம், எப்படித் தப்பாகும்?" என்று கேட்கிறார்கள்.

ஏன் ஆகாது? கையால் ஒரு சர்வரில் செய்த தப்பு அந்தச் சர்வரோடு நிற்கும். காலி இடங்கள் விட்டு எழுதிய டெம்ப்ளேட்டில் செய்தது இன்வென்டரியில் (சர்வர் பட்டியலில்) உள்ள அத்தனைக்கும் போய்ச் சேரும். ரெண்டர் ஆனது என்றால் காலி இடங்களில் ஏதோ ஒரு மதிப்பு வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. அது சரியான மதிப்பா என்று டெம்ப்ளேட்டை நிரப்பும் ஜின்ஜாவுக்குத் தெரிய வழியே இல்லை.

2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கான்ஃபிக் அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. டெம்ப்ளேட் வகையில் வரையறுத்தது 21 உள்ளீடுகள், கணினியில் ஓடும் அவர்களின் சென்சார் நிரல் கொடுத்ததோ 20. சோதனையில் 21ஆவது இடத்தில் எதையும் ஏற்கும் வைல்ட்கார்ட் இருந்ததால் ஓட்டை வெளியே தெரியவில்லை. அப்டேட்டைச் சரிபார்க்கும் வேலிடேட்டரும் வழிவிட்டது.

நம் பிளேபுக்குகளில் (ஆன்சிபிளுக்குத் தரும் வேலைப்பட்டியல்களில்) அந்த வைல்ட்கார்டின் வேலையைச் செய்வது, மதிப்பு இல்லாத இடத்தில் மாற்று மதிப்பை வைக்கும் 'டிஃபால்ட்' ஃபில்டர். மதிப்பே தராத வேரியபிளைக் கண்டால் ஆன்சிபிள் தானாகவே பிழை காட்டி நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தி தொல்லையாக இருக்கிறதென்று டிஃபால்ட் போட்டு அதன் வாயை அடைக்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். லாக் லெவலுக்கு வையுங்கள், தடையில்லை. டேட்டாபேஸ் முகவரிக்கும் சான்றிதழ் பாதைக்கும் வைக்கவே வைக்காதீர்கள். (பிளேபுக் எழுதப்படும் யாம்ல் வடிவில் மேற்கோள்குறி இல்லாமல் 'நோ' என்று எழுதினால் ஆன்சிபிள் அதை ஃபால்ஸ் என்றே படிக்கும். நார்வேயின் 'NO' என்ற நாட்டுக் குறியீட்டை எழுதுபவர்கள் கவனிக்க.)

முதலில் செக் (எதையும் மாற்றாத ஒத்திகை), டிஃப் (மாறப்போகும் வரிகளைக் காட்டுவது) இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். வரும் வேறுபாட்டை வரிவரியாகப் படியுங்கள். ஸ்க்ரோல் செய்வது படிப்பதாகாது. டெம்ப்ளேட் மாட்யூலில் கோப்பை வைக்குமுன் சோதிக்கும் 'வேலிடேட்' இருக்கிறதே, யாருக்கு நிர்வாக உரிமை என்று சொல்லும் சுடோயர்ஸ் கோப்புக்கு, அதைச் சரிபார்க்கும் விசூடோவை அதில் கொடுக்க என்ன தயக்கம்? ஒரு நேரத்தில் எத்தனை சர்வர் என்று சொல்லும் சீரியலை 1இல் தொடங்குங்கள். அந்த ஒரு சர்வரில் சேவை உண்மையாகவே பதில் சொல்கிறதா என்று பார்க்கும் டாஸ்க்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் சீரியல் அதே தப்பை ஒவ்வொன்றாக, வரிசையாகச் செய்யும்.

தயவுசெய்து ஒன்று மட்டும் கேளுங்கள். சர்வருக்குள் போய்க் கான்ஃபிக்கைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த ஓட்டத்தில் டெம்ப்ளேட் அதை அழித்து எழுதிவிடும். நள்ளிரவு அவசரத்தில் திருத்தியே ஆகவேண்டி வந்தால், தூங்கப் போவதற்கு முன் கிட் (Git) களஞ்சியத்தில் உள்ள டெம்ப்ளேட்டிலும் அதே வரியை மாற்றிவிடுங்கள்.